பன்னிரண்டு நாள் படுத்த காற்று

காற்றை ஆராய வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காற்றடித்தால் பிடிக்காது. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். தலைநகரிலிருந்து வெள்ளை வான் வண்டியில் வந்து சாய்ந்தமருதுக் கடற்கரையில் இறங்குவார்கள். இறங்கியதும் ஒரு கை தலைமுடிக்குப் போகும், மற்றக் கை காகிதங்களைப் பிடிக்கும். சப்பாத்துக்குள் மணல் போய்விட்டதென்று முகத்தைச் சுளிப்பார்கள். கோபுரத்தடியில் நின்று ஒரு படம், கடலைப் பார்த்தபடி ஒரு படம். பிறகு கல்முனையில் எந்தக் கடையில் புரியாணி நல்லது என்ற ஆராய்ச்சி தொடங்கும். அந்த ஒன்றில் மட்டும் அவர்கள் அவசர முடிவுக்கு வந்து நான் கண்டதில்லை.

அந்தக் கோபுரத்துக்கு நான்தான் பொறுப்பு. கோபுரம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். பத்து மாடி உயரத்தில் மெலிந்த இரும்புச் சட்டம், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி. சுனாமிக்குப் பிறகு வீடு கட்ட விடாமல் வெறுமையாகக் கிடந்த மணல் துண்டில் அதை நட்டிருந்தார்கள். உச்சியில் ஒரு தொகுதி, நடுவில் ஒரு தொகுதி என்று காற்றில் சுற்றும் மும்மூன்று சின்னக் கிண்ணங்கள். அவை சுற்றுகிற வேகத்தைக் கீழே ஒரு பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பதிந்து போன் வழியாக அனுப்பும். அதற்கு முன் நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தவன். பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றிப் பொய் சொல்வதை விட்டுவிட்டு உண்மையை அளப்போம் என்று வந்தேன். அப்படித்தான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. முதல் வருடம் முழுக்க, "சேர், எப்ப கரண்ட் வரும்?" என்று கேட்டார்கள். இது மின்சாரம் தருகிற காற்றாலை அல்ல, காற்றை அளக்கிற கோபுரம் என்று விளக்கினேன். அடுத்த வருடம், "இன்னும் விசிறி பூட்டல்லியா?" என்றார்கள். மூன்றாம் வருடம் யாரும் கேட்கவில்லை. விளங்கிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, போன் கம்பனியின் கோபுரம் என்று முடிவு செய்து, சிக்னல் போதாது என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்த அளவை இருபது வருடம் அறுபடாமல் ஓட வேண்டும். காற்றாலை ஒன்றை நட்டால் அது இருபது வருடமாவது சுற்ற வேண்டும். ஆனால் எதை நம்பி நடுகிறீர்கள் என்று கேட்டால் ஒரு வருடத்து அளவையைத் தூக்கிக் காட்டுவார்கள். பெருநாளன்று மாப்பிள்ளை போட்டிருந்த உடுப்பைப் பார்த்துப் பெண் கொடுக்கிற வேலை அது. வைகாசிக்குப் பிறகு வீசும் கச்சான், சவளக்கடைப் பக்கத்து வயல்களுக்கு மேலால் சூடேறி மேற்கிலிருந்து வரும். பகலில் கடற்காற்று அதற்கு எதிராக ஏறும். இரண்டும் சந்திப்பது கரையிலா, வயலிலா, எந்த உயரத்தில் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. இப்போதைய காற்றாலைகளின் இறகு நுனி எங்கள் கோபுரத்தைவிடப் பல மடங்கு உயரத்தில் சுற்றுகிறது. அங்கே காற்று ஒரே சீராக ஓடுகிறதா, அடுக்கடுக்காக வழுக்குகிறதா? ஒரு காற்றாலையைத் தாண்டிக் கலங்கிப் போகும் காற்று பின்னால் நிற்பதை எவ்வளவு கெடுக்கும்? இவை மூன்று மாத ஆய்வுக் கட்டுரைக்குள் அடங்குகிற கேள்விகள் அல்ல. ஆனால் எனக்கு அனுப்பப்பட்ட மாணவர்கள் எல்லோரும் மூன்று மாத மாணவர்கள். கச்சான் தொடங்க முதல் வந்து, கச்சானைப் பற்றி எழுதிவிட்டு, கச்சான் தொடங்க முதலே போய்விடுவார்கள்.

இன்னொரு தலையிடியும் உண்டு. கிண்ணம் உப்புப் பிடித்து மெதுவாகச் சுற்றினாலும், காற்றே மெதுவானாலும், தாளில் விழுகிற எண் ஒன்றுதான். மெலிந்தது காற்றா, கருவியா என்று பிரித்தறிய ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான் கோபுரத்துக்கு ஒரு காவலாளி. கரைவலைத் தொழிலை விட்டு வந்தவர், என்னைவிட ஐந்தாறு வயது கூட. அண்ணன் முறையில் நான் காக்கா என்பேன், அவர் சேர் என்பார். கிழமைக்கு ஒரு நாள் காலையில் சாரனை மடித்துக் கட்டி, இடுப்பில் கயிறும் தோளில் ஈரத் துணியுமாக ஏறி, உச்சி வரை போய்க் கிண்ணங்களில் படிந்த உப்பைத் துடைப்பார். கிண்ணங்களுக்கு அவர் வைத்த பெயர் சிரட்டை. "சேர், மேல் சிரட்டை நல்லாச் சுத்துது, கீழ் சிரட்டைக்குக் கொஞ்சம் நோவு" என்று இறங்கி வந்து சொல்வார். தலைநகரத்து நிபுணர்கள் ஒருவர்கூட முதல் படியில் கால் வைத்ததில்லை. நானும் ஏறியதில்லை, அது வேறு விசயம்.

ஏழெட்டு வருடம் ஓடிய பிறகு, திட்டத்தை நடத்திய தலைநகரத்துப் பேராசிரியர் எங்கள் எண்களில் ஒரு அதிசயத்தைக் கண்டுபிடித்தார். வாடைக் காலத்தில், வடகிழக்கிலிருந்து காற்று நன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, பன்னிரண்டு நாளைக்கு உச்சிக் கிண்ணத்தில் காற்று படுத்துவிடுகிறது. நடுக் கிண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு பழையபடி எழும்புகிறது. அது மட்டுமல்ல, அந்தப் பன்னிரண்டு நாளும் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மேல் அடுக்குக் காற்று கீழ் அடுக்கைவிட்டுப் பிரிகிறது, பருவம் முன்னால் நகர்கிறது, உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு ஒழுங்காகக் காணப்படாத ஒன்று இங்கே நடக்கிறது என்று மேடை மேடையாகப் பேசினார். எங்கள் ஊர்க் கடற்கரையின் படம் வெளிநாட்டு மண்டபங்களில் திரையில் விழுந்தது. அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அறியாதவர், கிழமைக்கு இரண்டு தடவை போன் எடுத்துச் சுகம் விசாரித்தார். பன்னிரண்டாம் வருடம், இந்த அதிசயத்தைக் காட்டி அடுத்த எட்டு வருடத்துக்கும் கோபுரத்தைத் தொடர்ந்து நிற்க வைக்க விண்ணப்பம் போட்டிருப்பதாகவும் சொன்னார். என்னுடைய இருபது வருடம். நானும் வாயைப் பிளந்துகொண்டு நம்பினேன்.

விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்ப, அந்த நாட்களை வருடவாரியாகக் குறித்துத் தரச் சொன்னார். கொம்பியூட்டரில் செய்யலாம்தான். எனக்குச் சுவர்க் கலண்டரில் கோடு போட்டால்தான் மனதில் பதியும். கல்முனைக் கடைகளில் வருடா வருடம் கிடைத்த கலண்டர்களை மனைவி எறியாமல் அலுமாரிக்கு மேலே அடுக்கி வைத்திருந்தாள். அவற்றை இறக்கி, விறாந்தையில் வரிசையாகப் பரப்பி, பன்னிரண்டு பன்னிரண்டு நாளாகக் கறுப்புப் பேனையால் வளைத்தேன். பின்னேரத்து அசர் தொழுதுவிட்டு எழும்பி வந்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"கொடிக் கந்தூரி நாளையெல்லாம் ஏன் இப்பிடிக் கறுப்பால அடிச்சு வெச்சிரிக்கிங்க?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். கலண்டரில் ஆங்கிலத் திகதிக்குக் கீழே பொடி எழுத்தில் பிறைத் திகதி இருக்கும். எல்லா வருடத்திலும் என் கோடு ஜமாதுல் ஆகிர் மாதத்துப் பிறை ஒன்றில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிந்திருந்தது. பிறைக் கணக்கு வருடம் மற்றதைவிடப் பதினொரு நாள் போலக் குறைவு. அதனால்தான் எங்கள் நோன்பும் பெருநாளும் வருடா வருடம் முன்னுக்கு வருகின்றன. எங்கள் காற்றும் பிறை பார்த்துத்தான் படுத்திருக்கிறது. பௌதிகம் படித்த நானும், கலாநிதிப் பட்டம் வாங்கிய அவரும், மேடைகளில் கைதட்டியவர்களும் காணாததை அவள் நின்ற நிலையில் கண்டுவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டாள்.

அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடற்கரையோரம் ஒரு சின்ன சியாரம் இருக்கிறது, இறைநேசர் ஒருவர் அடங்கிய இடம். மீன்பிடிக்கிறவர்கள் அந்தப் பிறையில் அங்கே கொடி ஏற்றுவார்கள். பன்னிரண்டு நாள் அவர் புகழ் பாடி மௌலூது ஓதுவார்கள், கடைசி நாள் சோறாக்கி நார்சா என்று எல்லோருக்கும் பகிர்வார்கள். எங்களைப் போலக் கொஞ்சம் படித்து, உத்தியோகம் பார்த்து, மார்க்கத்தையும் புத்தகத்தில் படித்தவர்களுக்கு அது ஆகாது. கொடிக்காரர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். காவலாளி முதல் வருடம் என்னைக் கந்தூரிக்குக் கூப்பிட்டார். நான் அவரை மணலில் நிற்க வைத்து அரை மணித்தியாலம் பாடம் நடத்தினேன். இனி இந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவே கூடாது என்று முடித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு கொடி ஏறுகிற நாட்களில் நான் அந்தக் கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. என்னை அங்கே யாரும் கண்டு, சேரும் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடக் கூடாதே. எண்கள்தான் போனில் வருகின்றனவே என்று வீட்டில் இருந்தேன். வருடத்தில் மற்றெல்லா நாளும் கோபுரத்தைப் பார்த்தவன், பார்க்க வேண்டிய பன்னிரண்டு நாளை மட்டும் கவனமாகத் தவற விட்டேன்.

மறுநாள் காலையில் அவரிடம் போனேன். கோபுரத்து நிழலில் குந்தியிருந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"காக்கா, கொடி மாசத்தில கோபுரத்தில ஏதும் கட்டுறீங்களா?"

அவர் ஒளிக்கவில்லை. "ஓம் சேர், கொடிதான். சியாரத்துக் கொடி தென்னைக்குள்ள மறைஞ்சி போகும். இதில கட்டினா தோணிக்காரனுக்குத் தூரத்திலயே தெரியும். கோபுரம் வந்த வருசத்திலிருந்து கட்டுறன். பன்னிரண்டாம் நாள் அவுத்துருவன்."

"எந்த இடத்தில?"

"உச்சியில, அந்தச் சிரட்டைக்குக் கடல் பக்கமா. அங்கதானே நல்லாக் காத்துப் படும்."

கேட்கவே தேவையில்லாத கேள்வி. வடகிழக்கிலிருந்து வருகிற காற்று முழுக்க அந்த ஒன்றரைப் பாக நீளத் துணியில் அடித்துச் சிதறிய பிறகுதான் கிண்ணத்துக்குப் போயிருக்கிறது. நடுக் கிண்ணத்துக்கு மேலே நடந்த எதுவும் தெரியாது. உலகத்தில் வேறெங்கும் காணாத காற்றடுக்கு, பச்சை நிறத்தில், ஓரம் தைத்து, வருடா வருடம் எங்கள் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்திருக்கிறது.

"ஏன் காக்கா எனக்குச் செல்லல்ல?"

"நீங்கதானே சேர் அந்தப் பேச்சே எடுக்கப்படா எண்டு சென்னீங்க."

அவரே தொடர்ந்தார். "சிரட்டைக்குக் கரைச்சலா சேர்? ஒரு வார்த்த சென்னிருந்தாக் கீழ கட்டியிருப்பன். கொடிக்கென்ன, எங்க கட்டினாலும் பறக்கும்."

அந்த வருடத்துப் பிறைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. கொடியை ஆள் உயரத்தில் கட்டச் சொன்னேன். கட்டினார். பன்னிரண்டு நாளும் நான் போனேன், பகல் வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். உச்சிக் கிண்ணம் ஒரு குறையும் இல்லாமல் சுற்றியது. கடைசி நாள் அவர் நார்சாச் சோற்றை வாழையிலையில் சுற்றி என் கையில் தந்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பேராசிரியருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். "இது வேறு யாருக்குத் தெரியும்?" என்றார். அறிவியலாளர் என்று நான் பன்னிரண்டு வருடம் மரியாதை கொடுத்த மனிதரின் முதல் கேள்வி அது. அடுத்ததாக, ஒரு துணிக்கு இவ்வளவு பலம் இருக்குமா என்றார். அதற்கும் அடுத்ததாக, துணியும் இருக்கலாம், அடுக்கும் பிரிந்திருக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்கலாம் அல்லவா என்றார். ஒரு வருடத்து எண்களை வைத்து அவசரப்பட வேண்டாம் என்று எனக்கே புத்தியும் சொன்னார். மூன்று மாத மாணவர்களை வரிசையாக அனுப்பிய மனிதர்.

வருடத்தில் பன்னிரண்டு நாள்தான் பழுது, மிச்சமெல்லாம் நல்ல எண்கள், அதை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் திருத்துவோம் என்றேன். "அதில் என்ன புதிதாக இருக்கிறது?" என்று கேட்டார். காற்று மாறவில்லை, வழமைபோல் அடிக்கிறது என்ற செய்தியை வாங்க ஆளில்லை. இருபது வருடத்துக்கு ஒரு காற்றைப் பொறுமையாகப் பார்த்திருப்பதே பெரிய வேலை என்பது அந்த மண்டபங்களில் ஏறாது. அவர்களுக்கு வருடா வருடம் ஒரு அதிசயம் வேண்டும். கொடிக்காரர்களை நான் மூடநம்பிக்கைக்காரர்கள் என்றேன். அவர்களாவது காற்றிடம் அற்புதம் கேட்டதில்லை, படகு கரை சேர்ந்தால் போதும் என்றிருந்தவர்கள்.

தவறு நேர்ந்த விதத்தை எழுதி அனுப்பத் தலைநகரிலிருந்து ஒரு படிவம் வந்தது. காரணம் என்ற இடத்தில் முதலில் நான் எழுதியதைச் சொல்லிவிடுகிறேன், மறைக்க இனி என்ன இருக்கிறது. காவலாளியின் கவனக்குறைவு என்று எழுதினேன். அழகான கையெழுத்தில்தான் எழுதினேன். மேசையில் வைத்து இரண்டு தடவை வாசித்தேன், எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. கிழித்துவிட்டு வேறு படிவம் எடுத்து, பொறுப்பாளர் அந்த நாட்களில் ஒரு வருடமும் அங்கே போகவில்லை, போகாததற்குக் காரணம் தான் மேலானவன் என்ற அவருடைய பெருமை, வேறொன்றுமில்லை என்று எழுதி அனுப்பினேன்.

விண்ணப்பத்தை அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். கோபுரத்தை மூடுகிற கடிதமும் பின்னாலேயே வந்தது. பெருமை என்ற சொல் கடிதத்துக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது. உள்ளூர்க் காவலாளியின் சமய நடவடிக்கையால் அளவைகள் நம்பகம் இழந்தன என்று திருத்தியிருந்தார்கள். ஒரு மாதத்தில் லொறி வந்தது. கம்பிகளைத் தளர்த்தி, சட்டத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி ஏற்றினார்கள். அன்று நான் கல்முனையில் பெட்டியை ஒப்படைத்துக் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நான் வந்து சேருவதற்குள் லொறியில் வந்த ஒரு மேற்பார்வையாளர் கடிதத்தில் உள்ளதைக் காவலாளிக்கு எடுத்துச் சொல்லியிருந்தார்.

மணலில் கோபுரம் நின்ற குழிக்குப் பக்கத்தில் அவர் நின்றார். ஈரத் துணி இன்னும் தோளில் கிடந்தது. அன்று துடைக்கிற நாளாம்.

"என்ட கொடியாலயா சேர் இது?"

"இல்ல காக்கா. என்னால."

அவர் லேசாகச் சிரித்தார். சேர் மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் பெரிய மரியாதையாகத்தான் அவருக்குக் கேட்டது. பன்னிரண்டு வருடம் ஒருவரை மேலே இருந்து பார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் உண்மையைச் சொன்னால் அது அவருக்கு உண்மையாகக் கேட்பதில்லை.

அடுத்த வருடம் பிறை தெரிந்தது. சியாரத்தில் கொடி ஏறுகிற நாள் நான் காலையிலேயே போனேன். ஆட்கள் நிறைய இருந்தார்கள், அவரை மட்டும் காணவில்லை. விசாரித்தேன். இந்தத் தடவை ஒரு வேலைக்கும் வரவில்லை, கூப்பிட்டும் வரவில்லை என்றார்கள். வீட்டுக்குத் தேடிப் போனேன். வாசலில் கதிரையைப் போட்டு என்னை இருக்கச் சொன்னார், தேநீர் வந்தது.

"வாங்க காக்கா, போவம். நானும் வாறன்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க போங்க சேர். அவ்வளவு படிச்சவங்க பன்னிரண்டு வருசமாச் செஞ்ச வேலைய ஒரு துணியால கெடுத்துட்டன். இனி நான் கொடியில கை வைக்கப்படா."